எந்த ராபுக்கு எந்த டென்?

செல்லின் மேற்பரப்பிலிருந்து உள்ளே இழுக்கப்படும் புரதம் முதலில் எண்டோசோம் என்ற சவ்வுப் பைக்கு வந்து சேரும். அங்கிருந்து சிதைவுக்குப் போகலாம், மேற்பரப்புக்கே திரும்பலாம். இந்தப் போக்குவரத்தை நடத்துபவை ராப் என்னும் சிறு புரதங்கள். மனிதச் செல்களில் இவை ஏறத்தாழ அறுபது வகை.

ஒவ்வொரு ராபும் ஒரு ஸ்விட்ச். அதன் குழிவில் குவானோசின் டைபாஸ்பேட் இருந்தால் அணைந்திருக்கும். டிரைபாஸ்பேட் இருந்தால் வேலை செய்யும். டைபாஸ்பேட் லேசில் இடத்தை விடாது. அதைக் கிளப்பிவிடவே சில புரதங்கள் இருக்கின்றன. அவற்றில் பெரிய குடும்பம் டென். டென் வந்து ஒட்டியதும் ராபின் பிடி தளர்கிறது, டைபாஸ்பேட் நழுவுகிறது. அடுத்தவரை டென் கைபிடித்து உட்காரவைப்பதில்லை. செல்லுக்குள் டிரைபாஸ்பேட்தான் பல மடங்கு அதிகம். கூட்டமான பஸ்ஸில் ஒருவர் எழுந்ததும் நிற்பவர் உட்கார்ந்துவிடுவதைப் போல அது தானே இடம்பிடிக்கிறது. வேலை முடிந்து அணைப்பதற்கு உதவும் புரதங்கள் வேறு.

எந்த டென் எந்த ராபை எழுப்புகிறது? மாண்ட்ரியாலில், வைல்டர் பென்ஃபீல்ட் 1934-இல் தொடங்கிய நரம்பியல் நிறுவனத்தில் பீட்டர் மெக்ஃபெர்சனின் குழு இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டிவருகிறது. நரம்புச் செல்களின் கிளாத்ரின் பூசிய நுண்பைகளில் அவர்கள் கண்ட ஒரு டென் புரதத்துக்கு 2006-இல் கனெக்டென் என்று பெயரிட்டார்கள். அது எழுப்புவது ராப்35-ஐ என்று 2010-இல் காட்டினார்கள். ராப்35 செயலிழந்தால் எண்டோசோம்கள் வீங்குகின்றன. நோயெதிர்ப்புக்குத் தேவையான எம்.எச்.சி. முதல் வகைப் புரதம் மேற்பரப்புக்குத் திரும்புவது தடைபடுகிறது.

மற்ற ஜோடிகளைக் கண்டறிய 2022-இல் அவர்கள் கையாண்ட உத்தி எனக்கு மிகவும் பிடித்தது. சோதனைக் குழாய் பக்கம் போகாமல், உயிருள்ள செல்லிலேயே டென் பகுதியை வேண்டுமென்றே தவறான இடத்தில், மைட்டோகாண்ட்ரியாவின் மேல் கட்டிப்போட்டார்கள். அதற்குரிய ராப் எதுவோ அது தன் வழக்கமான சவ்வை விட்டு மைட்டோகாண்ட்ரியாவுக்கு வந்து சேர்ந்தது! ராப் எங்கே போய் நிற்கும் என்பதில் அதை எழுப்பும் புரதத்துக்கு எவ்வளவு பங்கு என்பதை இதைவிடப் பளிச்சென்று காட்ட முடியாது.

இப்படிக் கிடைத்த ஜோடிகளில் ஒன்று, டென்2பி–ராப்10. செல்லிலிருந்து வெளியே நீண்டு சமிக்ஞைகளை வாங்கும் சிலியம் என்ற இழை உருவாவதை இது தடுக்கிறது. இழையின் நீளத்தைக் கட்டுப்படுத்த, அதே டென்2பி ரோஏ என்ற இன்னொரு ஸ்விட்ச்சையும் எழுப்புகிறது. ரோஏ ராப் குடும்பத்தைச் சேர்ந்ததே அல்ல.