கம்பியூட்டர் கணக்கும் பெக்டரிக் கணக்கும்

தோட்டத்து ஆபீசில் கம்பியூட்டர் வந்த பிறகு ஒரு வழக்கை நாம் அடிக்கடி கேட்கிறோம். மலையில் நிறுத்த கொழுந்து ஒரு கணக்கு. பெக்டரியில் இறக்கி நிறுத்தால் வேறொரு கணக்கு. "கம்பியூட்டர் பொய் சொல்லாது" என்பார் கிளாக்கர் ஐயா. "அதுக்குக் கொழுந்தப் பத்தி என்ன தெரியும்?" என்பார் டீமேக்கர் ஐயா. நடுவில் அகப்படுவது கொழுந்து பறித்தவரின் கிலோக் கணக்கு.

இருவர் பேச்சிலும் நியாயம் உண்டு. மழை நாளில் கொழுந்தோடு தண்ணீரும் நிறுவையில் ஏறும். சாக்கின் எடையும் சேரும். சுமார் நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்துக்கு ஒரு கிலோ தேயிலைதான் கிடைக்கும். இதையெல்லாம் பெக்டரிக்காரர் சொல்லிக்கொடுத்தால்தான் கம்பியூட்டருக்குத் தெரியும்.

பெரிய கம்பெனிகளுக்கும் இந்தத் தலையிடி வந்ததுண்டு. அமெரிக்காவின் ஹெர்ஷி சொக்லட் கம்பெனி, 48 மாதம் பிடிக்கும் என்று சொல்லப்பட்ட கம்பியூட்டர் மாற்றத்தை 30 மாதத்தில் முடிக்க அவசரப்பட்டது. 1999 ஜூலையில், பண்டிகை ஓர்டர்கள் குவியும் நேரத்தில், அதை ஓட விட்டது. சரக்கு கிடங்கில் இருந்தது. கடைகளுக்குப் போய்ச் சேரவில்லை. சுமார் 10 கோடி டொலர் ஓர்டர்கள் தவறின.

ஆகவே புதுமுறையைக் கொழுந்து குறைந்த மாதத்தில் தொடங்குவதே நல்லது. சில வாரம் பழைய புத்தகமும் கூடவே ஓடட்டும். வித்தியாசம் வந்தால் ஆபீசும் பெக்டரியும் அன்றைக்கே ஒன்றாக உட்கார்ந்து பார்க்க வேண்டும். நாமும் நிறுவைத் துண்டுகளைச் சம்பள நாள் வரை பத்திரமாக வைத்திருப்போம். சந்தேகம் வந்தால் அதைக் காட்டி மரியாதையாகக் கேட்போம்.