லேசர் ஒளி நம் தோலின் நிறத்தை மாற்றுமா?

‘லேசர் சிகிச்சையில் பளிச்சென்ற முகம்’ என்பது போன்ற விளம்பரங்களைப் பேரங்காடிகளில் நீங்கள் பார்த்திருக்கலாம். லேசர் என்பது ஒளிதானே? ஒளியால் கருமையை எப்படிக் குறைக்க முடியும்?

முதலில் நம் தோலைப் பற்றித் தெரிந்துகொள்வோம். தோலின் மேலடுக்கில் மெலனோசைட் என்னும் உயிரணுக்கள் உள்ளன. இவை மெலனின் என்ற நிறமியைத் தயாரித்து, நுண்ணிய பொட்டலங்களாக அக்கம்பக்கத்து உயிரணுக்களுக்கு அனுப்புகின்றன. வெளிர் நிறத்தவருக்கும் கறுத்த நிறத்தவருக்கும் மெலனோசைட்டுகளின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான். மெலனினின் அளவும் வகையும்தான் வேறுபடுகின்றன. சூரியனின் புற ஊதாக் கதிர்களிலிருந்து உயிரணுக்களைக் காக்கும் இயற்கைக் குடை, மெலனின்.

வெயிலில் திடலில் நின்றால், வெள்ளைச் சட்டையைவிடக் கறுப்புச் சட்டை அதிகம் சூடாகும். லேசர் சிகிச்சையும் இதே அடிப்படையில்தான் செயல்படுகிறது. அமெரிக்க மருத்துவர்கள் ரோக்ஸ் ஆண்டர்சனும் ஜான் பேரிஷும் 1983இல் இதை விளக்கினர். மெலனின் உறிஞ்சக்கூடிய ஒளியை மிகக் குறுகிய நேரம் பாய்ச்ச வேண்டும். அப்போது, வெப்பம் சுற்றிலும் பரவுவதற்குள் நிறமிப் பொட்டலம் மட்டும் உடைந்துவிடும். இதற்குப் பயன்படும் சில லேசர்களின் ஒளித்துடிப்பு ஒரு சில நானோ விநாடிகளே நீடிக்கும். ஒரு விநாடியை நூறு கோடியாகப் பிரித்தால், அதில் ஒரு பங்குதான் நானோ விநாடி! உடைந்த துகள்களை உடலே மெல்ல மெல்ல அப்புறப்படுத்துகிறது.

ஆனால், இங்கே ஒரு சிக்கல். கரும்புள்ளியில் இருக்கும் மெலனின் எது, இயல்பான தோலில் இருக்கும் மெலனின் எது என்று லேசருக்குத் தெரியாது. கறுத்த தோலில் எங்கும் மெலனின் நிறைந்திருப்பதால், புள்ளியைத் தாக்க வேண்டிய ஒளி சுற்றியுள்ள தோலையும் சுட்டுவிடலாம். புண்பட்ட தோல் முன்பைவிட அதிக மெலனினைச் சுரந்து மேலும் கறுக்கக்கூடும். சில இடங்களில் வெள்ளைத் திட்டுகளும் தோன்றலாம்.

அதனால்தான் மருத்துவர்கள் முதலில் தோலின் வகையைப் பார்க்கிறார்கள். ஃபிட்ஸ்பேட்ரிக் அளவுகோல் தோலை ஆறு வகைகளாகப் பிரிக்கிறது. இந்தியர்களில் பலர் 4, 5ஆம் வகைகளில் அடங்குவர். இத்தகையோருக்கு 532 நானோமீட்டர் அலைநீளத்தைவிட 1064 நானோமீட்டர் பாதுகாப்பானது. அதை மேற்பரப்பு மெலனின் குறைவாகவே உறிஞ்சும். ஒளி ஆழமாகச் செல்லும். ஆற்றலையும் குறைத்தே வைப்பார்கள்.

இன்னொன்றும் உண்டு. லேசரால் சில புள்ளிகளை மங்கச் செய்ய முடியும்; பிறவி நிறத்தை நிரந்தரமாக மாற்ற முடியாது. மெலனின் எவ்வளவு சுரக்க வேண்டும் என்பதை முக்கியமாகத் தீர்மானிப்பவை மரபணுக்கள். லேசர் அவற்றைத் தொடுவதில்லை. கன்னத்தில் படரும் ‘மெலஸ்மா’ என்னும் கருந்திட்டு, சிகிச்சைக்குப் பிறகும் வெயில் பட்டால் திரும்ப வருவது வழக்கம்.

உங்கள் வயதில் முகப்பரு விட்டுச்செல்லும் கரிய தடங்கள், கிள்ளாமல் விட்டாலே பெரும்பாலும் சில மாதங்களில் மங்கிவிடும். நிலநடுக்கோட்டுக்கு அருகில் வாழும் நமக்கு நண்பகல் வெயில் கடுமையானது. தொப்பியும் வெயில் தடுப்புக் களிம்பும் அந்தத் தடங்கள் மேலும் கறுக்காமல் காக்கும். அதற்கு மேலும் கவலை இருந்தால், விளம்பரத்தை நம்பாமல் பெற்றோருடன் தோல் மருத்துவரைப் பாருங்கள். நம் நிறம் குறையல்ல. வெயிலைத் தாங்க உடல் விரித்த குடை!