கையில் கொடுக்கப்பட்ட சாவி



பிழைப்புக்காகப் பெங்களூருக்கும் மும்பைக்கும் வந்த நம்முடைய குடும்பங்களின் பிள்ளைகளில் சிலர், இன்று தகவல் பாதுகாப்புத் துறையில் இன்டர்ன்ஷிப் பயிற்சிக்குச் செல்கிறார்கள். மகன் அங்கே என்ன செய்கிறான் என்று அறியாமலே ஜெபிக்கிற தாய்மார் அநேகர். அறிந்து ஜெபிப்பது நலமல்லவா?

கம்பெனியின் கம்ப்யூட்டர்களில் யார், எப்போது, எங்கிருந்து நுழைந்தார்கள் என்ற பதிவுகளைக் கவனித்து, சந்தேகமானதை மூத்தவர்களுக்கு அறிவிப்பது பயிற்சி மாணவனின் ஆரம்ப வேலைகளில் ஒன்று. பின்பு, திருடன் நுழையக்கூடிய ஓட்டைகளை அவனுக்கு முன்பாகவே கண்டுபிடித்து அறிக்கை எழுதக் கற்றுக்கொள்கிறான். சைபர் தாக்குதல்களை அறிந்த 6 மணி நேரத்திற்குள் தெரிவிக்க வேண்டுமென்று மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரலில் உத்தரவிட்டது. ஆகவே இந்தக் காவல் வேலையில் அசதிக்கு இடமில்லை.

ஆனால் பூட்டைக் காக்கக் கற்பவன், பூட்டைத் திறக்கவும் கற்றுக்கொள்கிறான். சோதனை இங்கேதான் வருகிறது. எதைச் சோதிக்கலாம், எதைத் தொடக்கூடாது என்பதற்கு எழுத்து மூலமான அனுமதி உண்டு. அந்த எல்லைக்குள் செய்வது ஊழியம். எல்லை தாண்டினால் அதே செயல் குற்றம். உரிமையாளரின் அனுமதியின்றி நுழைவது 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43-ஆம் பிரிவின்படி தவறு. வஞ்சக நோக்கத்தோடு செய்தால் 66-ஆம் பிரிவின்படி 3 ஆண்டுகள் வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம்.

தம்பி, தங்கையே! நண்பன் கெஞ்சினான் என்று கல்லூரியின் மதிப்பெண் பக்கத்தைத் திறந்து பார்க்காதே. ஆவலினால் பிறருடைய சம்பள விவரத்தைப் பாராதே. நன்மைக்காகத்தான் நுழைந்தேன் என்ற சொல் அனுமதிக்கு ஈடாகாது. போத்திபாரின் வீட்டில் யோசேப்பை நினைத்துக்கொள். வீடு முழுவதும் அவன் கையில் இருந்தது; விலக்கப்பட்டதை மாத்திரம் அவன் தொடவில்லை. வீட்டில் மனிதர் ஒருவரும் இல்லாத வேளையிலும் தேவன் காண்கிறார் என்று அறிந்திருந்தான்.

பெற்றோரே, பிள்ளை பயிற்சியில் சேருமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள். உன் மேற்பார்வையாளர் யார்? உனக்கு அனுமதிக்கப்பட்ட எல்லை எது? சேருவதற்கு முன்பணம் கேட்கிறார்களா? பணம் கேட்டால் நின்று விசாரியுங்கள். வேலை தருவதாகச் சொல்லி ஏமாற்றுகிறவர்கள் உண்டு. ஏமாந்து போனால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள்.

திறமையைக் கல்லூரி கற்பிக்கும். உண்மையைக் குடும்ப ஜெபத்தில்தான் பிள்ளை கற்றுக்கொள்ள வேண்டும். கொஞ்சத்தில் உண்மையாயிருக்கிற பிள்ளையைக் கர்த்தர் அநேகத்தின்மேல் வைப்பாராக. ஆமென்.