கேஸ் திறந்துதான் இருக்கிறது

சிங்கப்பூரின் தேக்கா நிலையத்து உணவங்காடியில் ஒரு மேசை கிடைத்துவிட்டது. ஆளுக்கொரு தே ஹாலியாவும் வந்துவிட்டது. இஞ்சி காரம், கொஞ்சம் ஆறட்டும். அதுவரை, எதிர் நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். டியூஷன் ஆசிரியர். சுயதொழில் என்பதால் ஏப்ரல் 18க்குள் வருமான வரிப் படிவத்தை இணையத்தில் தாக்கல் செய்தாக வேண்டும். மார்ச் 1 முதலே செய்யலாம். அரை மணி நேர வேலைதான். ஆறு வாரமாக அதை நினைக்காத நாளில்லை, இன்னும் தொடவும் இல்லை.

அவருக்கு ஏடிஹெச்டி. கவனத்தையும் செயலையும் ஒழுங்குபடுத்தும் மூளைப் பகுதிகள் சற்று வேறுவிதமாக வளர்வதால் வரும் நிலை அது. அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தலைகாட்டும். ஆனாலும் பலருக்கு அதன் பெயர் தெரிய வருவது தலை நரைக்கத் தொடங்கிய பிறகுதான். அதுவரை வீட்டில் வேறு பெயர் வைத்திருப்பார்கள்: சோம்பேறி.

நாம் எல்லாரும் தடுக்கி விழும் இடம் இதுதான். “அக்கறை இருந்தால் செய்திருப்பாரே!” ஒரு கேஸ் அடுப்பை நினைத்துப் பார்ப்போம். தீ எரிய இரண்டு வேண்டும்: கேஸ், பொறி. அக்கறை என்பது கேஸ். அது இவரிடம் தாராளமாக வந்துகொண்டிருக்கிறது. லைட்டர்தான் டிக், டிக் என்கிறது, பொறி விழவில்லை. பற்றாத கேஸ் அறையில் தேங்கி நாறுவதைப் போல, செய்யாத வேலை மனத்தில் குற்றவுணர்வாகத் தேங்குகிறது. இந்த நிலையில் திட்டுவதும் புத்தி சொல்வதும் கேஸை இன்னும் கொஞ்சம் திறந்துவிடுவதுதான்.

“நேற்று ராத்திரி மூன்று மணி நேரம் உட்கார்ந்து பிள்ளைகளுக்குப் புதிர்ப்போட்டி தயாரித்தாரே, அது மட்டும் எப்படி?” நியாயமான கேள்வி. இங்கே டோபமின் வருகிறது. மகிழ்ச்சி தரும் ரசாயனம் என்று அதைச் சொல்லக் கேட்டிருப்போம். அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. இதே கட்டடத்தின் ஈரச்சந்தையில் மீன்காரர் கூவுகிறார் அல்லவா, அதுபோல, “இதற்கு மதிப்புண்டு, இப்போதே வா” என்று மூளைக்குள் கூவுவது. புதியது, பிடித்தது, சவாலானது எல்லாம் தாமாகவே உரக்கக் கூவும். ஆறு வாரம் கழித்துப் பலன் தரும் படிவத்தின் குரல் யாருக்குமே சன்னம்தான். ஏடிஹெச்டி உள்ளவருக்கு அது காதில் விழுவதே கடினம்.

ஏப்ரல் 17 இரவு பதினொன்றுக்கு அந்தக் குரல் அலறலாகும். தேங்கிய கேஸ் குப்பென்று பற்றும். வேலை முடியும், புருவமும் கருகும். “பார்த்தீர்களா, நினைத்தால் முடிகிறது” என்பார்கள் வீட்டார். ஒவ்வொரு வேலைக்கும் புருவத்தைப் பலி கொடுக்க முடியுமா என்று யாரும் கேட்பதில்லை.

1937இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் சார்லஸ் பிராட்லி என்ற மருத்துவர், தம் பராமரிப்பிலிருந்த 30 குழந்தைகளுக்கு பென்சிட்ரின் என்ற ஊக்க மருந்தைக் கொடுத்துப் பார்த்ததைப் பற்றி எழுதினார். ஏடிஹெச்டி என்ற பெயரே அப்போது கிடையாது. ஏறக்குறையப் பாதிப் பேர் முதல் நாளே பள்ளிப் பாடத்தில் வியக்கும்படி மனம் ஊன்றினார்கள். மருந்தை நிறுத்திய நாளே பழைய கதை. பிள்ளைகள் அதற்கு வைத்த பெயர், கணக்கு மாத்திரை. ஒரே நாளில் வந்து ஒரே நாளில் போவதைச் சுபாவம் என்று சொல்ல முடியுமா? இன்று சிங்கப்பூரில் மருத்துவர்கள் எழுதித்தரும் மெத்தில்ஃபெனிடேட்டும் டோபமினின் குரலைத்தான் கூட்டுகிறது.

மருந்து ஒரு வழி. பொறிக்கு வேறு வழிகளும் உண்டு. முதல் படியைச் சிறிதாக்கலாம். ‘வரி தாக்கல்’ என்பது ஒரு வேலையே அல்ல: லேப்டாப், அரசாங்க இணையச் சேவைகளுக்குள் நுழைய சிங்பாஸ், கட்டண ரசீதுகள், கூட்டல் என்று ஏழெட்டு வேலைகளின் மூட்டை. லேப்டாப்பைத் திறப்பது மட்டும்தான் இன்றைய வேலை என்று வைத்துக்கொள்ளலாம். அதை ஏற்கெனவே நடக்கும் ஒன்றோடு முடிச்சுப் போடுவது இன்னும் நல்லது: “சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்ததும் சிங்பாஸைத் திறப்பேன்.” இப்படி ‘இது நடந்ததும் அது’ என்று திட்டமிடுவது வெறும் உறுதிமொழியைவிடப் பலன் தருகிறது என்று உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990களிலேயே காட்டியிருக்கிறார்.

இன்னொன்று, பக்கத்தில் ஓர் ஆள். உதவ வேண்டாம், கண்காணிக்கவும் வேண்டாம், தன் வேலையைப் பார்த்துக்கொண்டு இருந்தால் போதும். பாடி டபுளிங் என்று இப்போது பெயர். நாம் பரீட்சைக்குப் படிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பூத்தொடுத்த பாட்டி அதைப் பெயரில்லாமலே செய்தார். தனக்கும் இப்படி இருக்குமோ என்று தோன்றுகிறவர் பலதுறை மருந்தகத்தில் பேச்சைத் தொடங்கலாம். 2021இல் இங்கே உருவான அன்லாக்கிங் ஏடிஹெச்டி என்ற அறநிறுவனமும் இருக்கிறது.

தே ஆறிவிட்டது. எதிரில் இருப்பவர் பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து மேசைமேல் வைத்திருக்கிறார், இன்னும் திறக்கவில்லை. நாம் ஒன்றும் சொல்ல வேண்டாம். இன்னொரு தே சொல்லிவிட்டு, நம் வேலை எதையாவது எடுத்துவைத்துக்கொண்டு, இங்கேயே உட்கார்ந்திருப்போம்.