பிக்-அப்புக்கு ஸ்நார்கல் மாட்டலாமா? ஓட்டை போடுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

வேளச்சேரி நண்பர் ஒருவர், 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் தன் காரைப் பறிகொடுத்தவர். ராத்திரி முழுக்க பானெட் வரை தண்ணீர். வடிந்த மறுநாள், ஆசையா சாவியைத் திருகினார். உள்ளே ஒரு 'டக்' சத்தம். அவ்வளவுதான், இன்ஜின் காலி. இப்போ செகண்ட் ஹேண்டில் ஒரு இசுஸூ வி-க்ராஸ் பிக்-அப் வாங்கியிருக்கார். வாங்கின வாரமே ஒரு கேள்வி: "ஸ்நார்கல் போட்டுடலாமா ப்ரோ?"

ஸ்நார்கல்னா, ஜீப், பிக்-அப்களில் கண்ணாடி ஓரமா கூரை உயரத்துக்கு ஏறும் அந்தக் கறுப்புக் குழாய். இன்ஜின் மூச்சு விடும் வாசலை மேலே தூக்கி வைக்கிற வேலை. பெரும்பாலான பிக்-அப்களில் அந்த வாசல் ஹெட்லைட்டுக்குப் பின்னால், ஃபெண்டருக்கு உள்பக்கம் இருக்கும். தண்ணீர் அந்த உயரத்தைத் தொட்டால் சிலிண்டருக்குள் புகும். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டன் மேலே வர இடமில்லாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். நண்பரோட காரில் கேட்ட 'டக்' அதுதான்.

முதல்ல பவர் கதையை முடிச்சிடுவோம். 'ஸ்நார்கல் போட்டா பிக்-அப் ஏறும், மைலேஜ் கூடும்'னு சில கடைகளில் சொல்வாங்க. நம்பாதீங்க. 2.5 லிட்டர் டீசல் இன்ஜின் 3,000 ஆர்.பி.எம்-மில், டர்போ கணக்கைச் சேர்க்காமலே நிமிஷத்துக்கு 3,750 லிட்டர் காற்றை இழுக்கும். மொட்டைமாடி 500 லிட்டர் தண்ணித்தொட்டி ஏழரை! கம்பெனி ஃபில்டரும் குழாயும் இதைக் கணக்குப் போட்டுத்தான் செய்யப்பட்டவை. டீசல் இன்ஜின் பொதுவா, எரிக்கத் தேவையானதைவிட அதிகக் காற்றோடுதான் ஓடும். பவரை முடிவு செய்வது எவ்வளவு டீசல் தெளிக்கப்படுது என்பதே. இதைவிட மோசம், பானெட்டுக்குள் திறந்தபடி மாட்டும் கூம்பு ஃபில்டர். சத்தம் கெத்தா இருக்கும். ஆனா அது இழுப்பது இன்ஜின் ரூமின் சூடான காற்றை. 40 டிகிரி காற்றோடு ஒப்பிட்டால் 70 டிகிரி காற்றின் அடர்த்தி சுமார் 9 சதவிகிதம் குறைவு.

சரி, தண்ணிக்கு? இங்கேதான் வேலை எவ்வளவுனு பார்க்கணும். ஃபெண்டர் லைனரைக் கழற்றணும். டெம்ப்ளேட் ஒட்டி, நல்லா இருக்கிற தகட்டில் பெரிய ஓட்டை ஒன்று, போல்ட்டுக்குச் சின்னச் சின்ன ஓட்டைகள். வெட்டின விளிம்புக்கெல்லாம் பிரைமர் அடிக்கலைன்னா, நம்ம கடல்காற்றுக்கு சீக்கிரமே துரு. இதெல்லாம் கண்ணுக்குத் தெரியும் வேலை. பலரும் கோட்டை விடுவது தெரியாத வேலையில்: ஏர் பாக்ஸின் அடியில் தண்ணீர் வடிய ஒரு துளை இருக்கும். அதையும், ஒவ்வொரு குழாய் இணைப்பையும் சீல் செய்யணும். ஒரு இடத்தில் கசிந்தாலும் இன்ஜின் மேலே இருக்கும் காற்றை விட்டுட்டு, கீழே இருக்கும் தண்ணீரைத்தான் உறிஞ்சும். அரைகுறையா மாட்டின ஸ்நார்கல், மாட்டாததைவிட ஆபத்து. ஏன்னா, அதை நம்பி நாம ஆழத்துல இறங்குவோம்.

முழுசா சீல் செய்தாலும் அது காப்பாற்றுவது இன்ஜினின் மூச்சை மட்டும்தான். ஆக்ஸில் பிரீதர், ஆல்டர்னேட்டர், வயரிங், கதவு ரப்பர் எல்லாம் பழைய உயரத்தில்தான் இருக்கும். ஓடும் வெள்ளத்தில் வண்டியே மிதக்கும். டொயோட்டா ஹைலக்ஸுக்கு, ஸ்நார்கல் இல்லாமலே 700 மி.மீ ஆழம் வரை போகலாம்னு கம்பெனி சொல்லுது. அதாவது தொடை அளவு. அதுக்கு மேல தண்ணி நிக்கிற தெருவுல நமக்கு என்ன வேலை?

சட்டமும் இருக்கு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்குது. அனுமதி இல்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும்கூட விதிக்கலாம். ஆர்.டி.ஓ ஆபீஸில் முன்கூட்டியே கேட்டுடுங்க. வாரன்ட்டி பாக்கி இருந்தால் ஷோரூமிலும்.

அப்போ யாருக்குத்தான் இது? கல்குவாரி, மண்பாதையில் முன்னாடி போற வண்டியின் புழுதியைத் தினமும் தின்பவர்களுக்கு நல்ல பலன். கூரை உயரத்தில் தூசு குறைவு, ஃபில்டர் சீக்கிரம் அடைக்காது. அடிக்கடி ஓடை, ஆறு தாண்டி தோட்டத்துக்குப் போறவங்களும் ஒரு நாள் கூலி கொடுத்து ஒழுங்கா செய்யலாம்.

நண்பர் கேஸ் வேற. அவர் கார் ஓடும்போது மூழ்கலை. நிறுத்தி வெச்ச இடத்துல மூழ்கியது. பல மணி நேரம் மூழ்கின வண்டிக்குள் சைலன்சர் வழியாகவும் தண்ணீர் போகும். கார் போனதுக்கு உண்மையான காரணம், மறுநாள் ஸ்டார்ட் செய்தது. பேட்டரி வயரைக் கழற்றிட்டு, டோ பண்ணிக் கொண்டுபோயிருந்தா இன்ஜினாவது பிழைச்சிருக்கலாம். தண்ணி புகுந்து இன்ஜின் போனா சாதாரண பாலிசி பொதுவா பணம் தராது. அதுக்கு 'இன்ஜின் புரொடெக்ட்' ஆட்-ஆன் தனியா எடுக்கணும். அதுலயும், தண்ணியில நின்ன வண்டியை ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தா க்ளெய்ம் சிக்கலாகலாம். பாலிசியைப் படிச்சிடுங்க.

இதையெல்லாம் சொன்னப்போ கொஞ்ச நேரம் அமைதியா இருந்தார். அப்புறம், "மேட்டுல இருக்கற மாமா வீட்ல பார்க்கிங் இருக்கு, மழை சீசனுக்கு அங்க விட்டுடறேன்"னார். ஆட்-ஆன் எடுத்தாச்சு. ஃபெண்டரில் ஒட்டின பேப்பர் டெம்ப்ளேட்டை மட்டும் இன்னும் கிழிக்கலை.