உப்புக்குள் ஓர் உயிர்வாழ்க்கை

உப்பு நீரில் விழுந்த பாக்டீரியாவை முதலில் வாட்டுவது தண்ணீர்ப் பற்றாக்குறைதான். செல்லைச் சுற்றியுள்ள சவ்வு தண்ணீரை எளிதில் கடக்க விடும்; உப்பை அவ்வளவு எளிதில் விடாது. வெளியே உப்பு கூடக்கூட உள்ளிருக்கும் நீர் வெளியேறுகிறது. உப்புப் போட்டுப் பிசறி வைத்த மாங்காய்த் துண்டைப் போல செல் நீர்விட்டுச் சுருங்குகிறது. உள்ளே புரதங்கள் நெருக்கியடிக்க, நொதிகளின் வேலை நின்றுபோகிறது. கருவாடும் ஊறுகாயும் மாதக்கணக்கில் கெடாமல் இருப்பதற்கு இதுவே முக்கியக் காரணம்.

கடல்நீரில் உப்பு ஏறக்குறைய 3.5 விழுக்காடு. உப்பு படியத் தொடங்கும் உப்பளப் பாத்தியில் அது 25 விழுக்காட்டைத் தாண்டும். சாக்கடலில் சுமார் 34. உயிரே இல்லாத நீர் என்று நெடுங்காலம் நம்பப்பட்ட அந்தச் சாக்கடலில் நுண்ணுயிர்கள் வாழ்வதை 1936-இல் பெஞ்சமின் எலசாரி வோல்கானி கண்டறிந்தார்.

உப்புக்குப் பழக்கமில்லாத பாக்டீரியாவும் கையைக் கட்டிக்கொண்டு சாவதில்லை. மனிதக் குடலில் வாழும் ஈ.கோலையைச் சற்று உப்பான நீருக்கு மாற்றினால், சில நிமிடங்களுக்குள் அது வெளியிலிருந்து பொட்டாசியம் அயனிகளை அவசரமாக இழுத்துக்கொள்கிறது. அவற்றின் நேர்மின்னூட்டத்தை ஈடுகட்ட குளூட்டமேட்டைத் தயாரிக்கிறது. உள்ளே கரைபொருள் கூடியதும் தண்ணீர் திரும்பி வருகிறது. ஆனால் இது முதலுதவி மட்டுமே. பொட்டாசியம் அளவுக்கு மீறித் தேங்கினால் புரதங்களின் செயல் கெடும். ஆகவே அடுத்த கட்டமாக, டிரெஹலோஸ் என்னும் சர்க்கரையைச் செல் தானே தயாரிக்கிறது. புரோலின், கிளைசின் பீட்டைன் போன்றவை சுற்றுப்புறத்தில் கிடைத்தால் அவற்றை உள்ளே வாங்கிக்கொண்டு பொட்டாசியத்தை மெல்ல வெளியேற்றுகிறது. இத்தகைய பொருள்களுக்கு இணக்கக் கரைபொருள்கள் என்று பெயர். இவை புரதத்தின் மேற்பரப்பை ஒட்டாமல் விலகி நிற்பதால், புரதத்தைப் போர்த்தியிருக்கும் நீர்ப்படலம் கலையாமல் இருக்கிறது. எவ்வளவு சேர்ந்தாலும் செல்லின் வேலைக்கு அதிகம் இடையூறில்லை.

இந்த வழியில் கைதேர்ந்தவை ஹாலோமோனாஸ் இனப் பாக்டீரியாக்கள். இவை பெரிதும் நம்பியிருப்பது எக்டோயின் என்னும் பொருளை. எகிப்தின் வாதி நத்ரூன் உப்பு ஏரிகளைச் சேர்ந்த ஒரு பாக்டீரியாவில் 1985-இல் அது முதன்முதலாக அடையாளம் காணப்பட்டது. உப்பு ஏறினால் எக்டோயினைக் கூட்டுவதும், இறங்கினால் குறைப்பதுமாக, மிகக் குறைந்த உப்பு முதல் 20 விழுக்காட்டுக்கும் மேல் வரை ஹாலோமோனாஸ் எலோங்கேட்டா ஈடுகொடுக்கிறது. இந்த வசதிக்கு விலை உண்டு. எக்டோயினைத் தயாரிக்க ஆற்றலும் கார்பனும் நைட்ரஜனும் ஏராளமாகச் செலவாகின்றன. உள்ளே கசியும் சோடியத்தை ஓயாமல் வெளியே தள்ளவும் வேண்டும்.

இன்னொரு வழி, உப்பை உப்பாலேயே எதிர்கொள்வது. ஹாலோபாக்டீரியம் தன் செல் முழுவதையும் பொட்டாசியம் குளோரைடால் நிரப்பிக்கொள்கிறது. பெயரில் பாக்டீரியம் இருந்தாலும், கார்ல் வூஸ் 1977-இல் தனியாகப் பிரித்துக் காட்டிய ஆர்க்கீயா பிரிவைச் சேர்ந்தது இது. அவ்வளவு உப்புக்கு நடுவே சாதாரணப் புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டுவிடும். எனவே இவ்வுயிரின் புரதங்கள் அனைத்துமே மாறியிருக்கின்றன. அவற்றின் மேற்பரப்பில் ஆஸ்பார்ட்டிக், குளூட்டமிக் என்னும் அமிலத்தன்மை கொண்ட அமினோ அமிலங்கள் நெருக்கமாக அமைந்துள்ளன. அவற்றின் எதிர்மின்னூட்டம் நீர்மூலக்கூறுகளையும் பொட்டாசியத்தையும் இழுத்துப் பிடித்து, புரதம் கரைந்த நிலையிலேயே இருக்க உதவுகிறது. ஆனால் உப்பு குறைந்தால் அதே எதிர்மின்னூட்டங்கள் ஒன்றையொன்று தள்ளி, புரதத்தின் மடிப்பு குலைகிறது. நன்னீரில் போட்ட ஹாலோபாக்டீரியம் வெடித்துச் சிதறிவிடும். உப்பைத் தாங்கும் உயிர் என்பதைவிட, உப்பில்லாமல் வாழ முடியாத உயிர் என்று சொல்வதே இதற்குப் பொருந்தும்.

இது ஆர்க்கீயாவுக்கு மட்டுமே உரிய வழி அன்று என்பதை சாலினிபாக்டர் ரூபர் காட்டியது. ஸ்பெயின் நாட்டு உப்பளங்களிலிருந்து பிரிக்கப்பட்டு 2002-இல் பெயரிடப்பட்ட இது, ஐயத்துக்கு இடமில்லாத பாக்டீரியா. ஆயினும் உள்ளே பொட்டாசியத்தை நிரப்பிக்கொள்கிறது. அதன் புரதங்களும் அமிலத்தன்மை கொண்டவை. உறவால் வெகுதொலைவில் உள்ள இரண்டு உயிர்களை ஒரே நெருக்கடி ஒரே தீர்வுக்குக் கொண்டுவந்திருப்பது, இத்துறையின் மிக அழகான கண்டுபிடிப்புகளில் ஒன்று.

உப்பளங்களின் கடைசிப் பாத்திகள் இளஞ்சிவப்பாகத் தெரிவதற்கு இந்த நுண்ணுயிர்களின் நிறமிகளும் காரணம். அவை கடும் வெயிலிலிருந்து செல்லைக் காக்கின்றன. வெயிலில் விளைந்த உப்போடு இந்நுண்ணுயிர்களும் கூடவே வருகின்றன. சரியாகக் காயாத கருவாட்டிலும், உப்பிட்டு அடுக்கிய தோல்களிலும் சிவப்புத் திட்டுகளைக் கிளப்பி இழப்பு உண்டாக்குபவை இவையே.

உப்பு திடீரெனக் குறைவதும் ஆபத்துதான். மழைநீர் பாத்தியில் விழுந்ததும் தண்ணீர் செல்லுக்குள் பாய்கிறது. சவ்வு விம்மும்போது, அந்த இழுவிசையாலேயே திறக்கும் கால்வாய்கள் பல பாக்டீரியாக்களில் உள்ளன. அவை நொடிக்கும் குறைவான நேரத்தில் திறந்து, சேர்த்து வைத்த கரைபொருளைக் கொட்டிச் செல்லை வெடிக்காமல் காக்கின்றன. கரைபொருளைக் கைவிடும் இந்த இயல்பையே ஜெர்மனியில் தொழில்முறையாக்கினர். ஹாலோமோனாஸ் எலோங்கேட்டாவை 10 விழுக்காட்டு உப்பில் வளர்த்து, 3 விழுக்காட்டுக்கு மாற்றியதும் எக்டோயின் நீரில் வெளிப்படுகிறது. தோல் களிம்புகளிலும் கண் சொட்டு மருந்துகளிலும் அது சேர்க்கப்படுகிறது. அதே செல்களைத் திரும்ப 10 விழுக்காட்டு உப்பில் விட்டால், சில மணி நேரத்தில் எக்டோயினை மறுபடி சேர்த்துக்கொண்டு அடுத்த கறவைக்குத் தயாராகிவிடுகின்றன.