மழையிலும் உடுப்புக் காய

ஊரில் கிணற்றடியில் தோய்த்து வேலியில் விரித்தால் மத்தியானத்துக்குள் உடுப்புக் காய்ந்துவிடும். தோய்த்த தண்ணீர் வாழைக்குப் போகும். 1995 ஒக்டோபரில் வலிகாமத்தை விட்டு வெளியேறி, பின்னர் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாடகை அறைகளுக்கு வந்தபோது எம்மிற் பலருக்கு இவ்விரண்டும் இல்லாமற் போயின.

யாழ்ப்பாணத்தில் பெருமழை ஐப்பசி முதல் மார்கழி வரைதான். கொழும்பில் மே மாதத்தில் ஒரு மழைக்காலம் தொடங்கும். ஒக்டோபர், நவம்பரில் மீண்டும் கொட்டும். ஆகவே இங்கே வெயிலை விடக் காற்றையே நம்பவேண்டும்.

இடம்: பின் விறாந்தை அல்லது மதிலோரம் நல்லது. வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டு தகரமோ தறப்பாளோ சரிவாகப் போடுங்கள். இரு பக்கமும் காற்றுக்குத் திறந்திருக்கட்டும். அறைக்குள் காயவிட்டால் சுவரில் பூஞ்சணம் பிடிக்கும். முட்டு வருத்தமுள்ள பிள்ளைகளுக்கு அது கூடாது.

தரை: நான்கு அடிக்கு ஓர் அங்குலம் வீதம் கானை நோக்கிச் சரியுமாறு சீமெந்து பூசுங்கள்.

கொடி: கடற்காற்றில் இரும்புக் கம்பி துருப்பிடித்து உடுப்பில் கறை படியும். நைலோன் கயிறு போதும். கொடிகளுக்கிடையே ஒரு முழம் விடுங்கள். தடித்த துணிகளைக் காற்று வரும் பக்கம் போடுங்கள்.

வாளி: தேங்கிய நல்ல தண்ணீரில் டெங்கு நுளம்பு பெருகும், முட்டை ஒரு கிழமை, பத்து நாளில் நுளம்பாகிவிடும். வாளியை மூடிவைத்து, கிழமைக்கொருமுறை உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். தறப்பாளின் பள்ளங்களிலும் தண்ணீர் நிற்கவிடாதீர்கள்.

கடைசியாக அலசிய தண்ணீரைச் சட்டியில் வைத்த வாழைக்கோ பூங்கன்றுக்கோ ஊற்றலாம். அந்தப் பழக்கத்தையாவது நாம் ஊரோடு விட்டுவர வேண்டியதில்லை.